வருஷக்கணக்கில் நின்றுபோன எம்ஜிபி: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

எம்ஜிபி போன்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கக் கொடுக்கிறேன் என்று விற்பவர் சொல்லும் வரி அநேகமாக ஒன்றுதான்: "நிறுத்தினப்போ நல்லா ஓடிட்டு இருந்தது." பெரும்பாலும் அது உண்மைதான். ஆனால் ஓடுவதால் தேய்வது வேறு, நிற்பதால் கெடுவது வேறு. நின்ற வண்டியில் துருவும் காய்ந்த ரப்பரும் கெட்ட பெட்ரோலும் ஒவ்வொரு தடவையும் அதே இடங்களில்தான் வேலை காட்டுகின்றன. நான் கை வைத்த எல்லா எம்ஜிபிகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும்படி இதை எழுதுகிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவு குறைந்த காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. கூரை வைத்த ஜிடியையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதனால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1798 சிசி இன்ஜின், பெரும்பாலான வண்டிகளில் எஸ்யூ தயாரிப்பான இரண்டு கார்புரேட்டர்கள் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பவை). அதே காலத்து மற்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும், அளவுகள் மட்டும் மாறும்.

பார்க்கும் வரிசை: முதலில் பாடி, அடுத்து பிரேக், கடைசியில் இன்ஜின். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இன்ஜின் சத்தம் கேட்டதும் மனசு இளகி, பணம் கை மாறி, அதற்குப் பிறகுதான் வண்டிக்கு அடியில் குனிகிறார்கள். இந்த வண்டியில் இன்ஜின் வேலை எப்படியும் முடிந்துவிடும். வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது பாடி.

## சாவியைத் தொடுவதற்கு முன்

பேட்டரியை இணைக்காதீர்கள். அதன் எந்த முனை பாடியோடு சேர்கிறது என்று முதலில் பாருங்கள். 1967 இறுதி வரை வந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த். ஜிஎச்என்3 என்று தொடங்கும் சேஸ் எண் என்றால் அந்தக் காலத்து ரோட்ஸ்டர் (கூரை இல்லாதது), ஜிஎச்டி3 என்றால் ஜிடி. ஆனால் நடுவில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கலாம். அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் கேபிளைக் கண்ணால் பாருங்கள். ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரியை ஏற்றும் கருவி) உள்ள வண்டியில் பேட்டரி முனைகளைத் தலைகீழாக இணைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நிமிஷமே போய்விடும்.

முதல் இணைப்பை நேராகக் கொடுக்காமல் பேட்டரி முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பை வைத்துக் கொடுங்கள். சாவி அணைந்து, எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது பல்ப் பளிச்சென்று எரிந்தால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. வயரிங் கருகுவதற்குப் பதில் பல்ப் எரிகிறது, அவ்வளவுதான். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இந்த இன்ஜினில் கார்புரேட்டர்கள், புகை வெளியேறிச் சூடாகும் சைலன்சர் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன.

## கதவு சரியாக மூடவில்லை, அல்லது கதவைச் சுற்றியுள்ள இடைவெளி ஒரே அளவாக இல்லை

இது சின்ன விஷயம்போலத் தோன்றும். வண்டியின் விதியை நிர்ணயிக்கும் அறிகுறி இதுதான்.

எம்ஜிபிக்குத் தனி சேஸ் கிடையாது. பாடியே சேஸ். கூரை இல்லாத ரோட்ஸ்டரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிற்பவை கதவுக்குக் கீழே ஓடும் இரண்டு சில்களும் நடுவில் நீளவாக்கில் ஓடும் மேடான டனலும்தான். சில் என்பது ஒற்றைத் தகடு அல்ல. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று. அதற்கும் கீழே தரை ஓரத்தில், கோட்டை மதிலின் பற்கள்போல மேடும் பள்ளமுமாக ஒரு தகடு ஓடும். அந்த உருவத்தால் அதற்கு காஸில் ரயில் என்றே பெயர். நாலும் சேர்ந்தால்தான் அந்தப் பெட்டிக்கு வலு.

கதவைத் தூக்கினால் ஆடுகிறது. கதவைப் பாதி திறந்து, கைப்பிடி இருக்கும் முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். லொடலொடவென்று ஆடினால் கீலில் தேய்மானம். கீலைச் சரிசெய்தோ மாற்றியோ முடித்துவிடலாம். கவலை வேண்டாம்.

கதவு ஆடவில்லை, ஆனால் இடைவெளி மேலே குறுகி, கீழே விரிகிறது. பாடி நடுவில் தொய்ந்திருக்கிறது. உடனே அடியில் படுங்கள்.

ஸ்க்ரூடிரைவரின் பிடியால் காஸில் ரயிலை முன்னிருந்து பின்னுக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று பதில் சொல்லும். ஒரு வண்டியில் அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். பார்க்க அவ்வளவு சுத்தம். தட்டிக்கொண்டு வந்தேன். கதவுக்கு நடுவில் வந்ததும் சத்தம் மாறி, தொப் என்று அட்டையைத் தட்டியதுபோலக் கேட்டது. நுனியைத் திருப்பி லேசாக அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டது. வெளியே இழுத்ததும் ஓட்டையிலிருந்து செந்தூள் கொட்டியது. அந்த இடத்தில் இரும்பே இல்லை, பூச்சு மட்டும் தோல் மாதிரி நின்றிருந்தது.

அடுத்து ஜாக்கி வைக்கும் இடத்தைக் குத்திப் பாருங்கள். அது கெட்டியாக இருந்தால் மட்டும், அங்கே ஜாக்கி கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். தூக்கும்போது கதவு இடைவெளியைக் கவனியுங்கள். நல்ல வண்டியில் கதவு முன்புபோலவே திறந்து மூடும். சில் போன வண்டியில் இடைவெளி கண்முன்னே குறுகி, கதவு கவ்விக்கொள்ளும். அப்படி ஆனால் இறக்கிவிடுங்கள், பதில் கிடைத்துவிட்டது. ஜிடியில் கூரை தாங்குவதால் இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகக் காட்டாது. அங்கே தட்டிப் பார்ப்பதைத்தான் நம்ப வேண்டும்.

சில் புதிதாகத் தெரிகிறது, இடைவெளியும் பரவாயில்லை. என்னை அதிகம் ஏமாற்றியது இந்த வகைதான். அசல் வெளித்தகடு முன் விங்குக்கும் (சக்கரத்தை மூடும் மட்கார்டு) பின் விங்குக்கும் உள்ளே வரை போகும். ஒழுங்காக மாற்ற வேண்டுமென்றால் விங்கின் அடிப்பகுதியைக் கழற்றவோ வெட்டவோ வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி, அழுகிய சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைத்திருப்பார்கள். முன் விங்கின் கீழ்முனையும் சில்லும் சேரும் இடத்தில் செங்குத்தாக ஒரு கோடு தெரிய வேண்டும். பட்டி போட்டு அதை மெழுகியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். பட்டி உள்ள இடத்தில் அது வழுக்கி விழும்.

சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி தொட்டிகள், கதவுக்குப் பின்பக்கம் விங் வளைந்து இறங்கும் இடம், முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறு தங்கும் மூலை, இந்த மூன்றையும் தட்டிப் பார்த்துவிடுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது. தரையில் ஒரு கை அகல ஓட்டை என்றால் வெல்டிங் தெரிந்தவர் வீட்டிலேயே அடைத்துவிடலாம். சில் என்றால், பாடி அளவு பிடிக்கத் தெரிந்த டிங்கரிங் ஆளிடம்தான் போக வேண்டும். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே பைப் வைத்து முட்டுக்கொடுப்பீர்களா? ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடுவீர்களா? ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டிப் பார்ப்பீர்களா? மூன்றுக்கும் ஆமாம் வரவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு சில்லையும் ஒன்றாக வெட்டி, வண்டி நடுவில் மடிந்துபோனதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பிறகு எந்தக் கதவும் அதில் உட்காரவில்லை.

சில், தரை, உள் விங் எல்லாமே போயிருந்தால் கடைசி வழி ஒன்று உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்ஜிபிக்குப் புது பாடி ஷெல்லையே தயாரிக்கத் தொடங்கியது. அழுகிய பாடியை ஒட்டுப்போட ஆகும் கூலியை எழுதிக் கூட்டிப் பார்த்தால், சில சமயம் ஷெல் வாங்குவதே மேல் என்று வரும். கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## பிரேக் பெடல் தரை வரை போகிறது

ஆயில் குப்பி காலி. நிரப்பிவிட்டுக் கசிவைத் தேடுங்கள். பின் சக்கரங்களின் உள்பக்க டயர் ஓரம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுவது). பெடலுக்கு மேலே, காலடி விரிப்பில் ஈரமும் உரிந்த பெயின்டும் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தும் சிலிண்டர்). பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும், அதுவே நல்ல சாட்சி.

குப்பி நிறைந்திருக்கிறது, நாலைந்து தடவை மிதித்தால் பெடல் மேலே வருகிறது. பின் டிரம் அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம். ஒவ்வொரு பின் தட்டிலும் சதுரத் தலை உள்ள ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். சக்கரம் பிடிக்கும் வரை முறுக்கி, உரசாமல் சுற்றும் அளவுக்குத் திருப்பி விடுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் ஏர் எடுங்கள், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

ஏர் எடுக்கும்போது பெடலை ஒரேயடியாகத் தரை வரை மிதிக்காதீர்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் இத்தனை வருஷம் ரப்பர் தொடாத பகுதி துருப்பிடித்திருக்கும். முழுதாக மிதித்தால் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துப் பாதி தூரம் மட்டும் மிதியுங்கள்.

மிதித்துப் பிடித்தால் மெதுவாக இறங்குகிறது, வெளியே கசிவு இல்லை. மாஸ்டர் சிலிண்டர் உள்ளேயே விடுகிறது. மாற்றுங்கள்.

நிஜமாகச் சொன்னால், ஐந்து வருஷத்துக்கு மேல் நின்ற வண்டியில் நான் இந்தச் சோதனைகளில் நேரம் செலவழிப்பதில்லை. மாஸ்டர், வீல் சிலிண்டர்கள், மூன்று ரப்பர் ஹோஸ்கள், துருப்பிடித்த இரும்புப் பைப்கள், எல்லாம் புதிது. டாட் 4 ஆயில். சீலைக் கழுவ பெட்ரோலோ மினரல் ஆயிலோ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பைப் முனையை விரிக்கும் கருவி இல்லையென்றால் அந்த வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். பிரேக்கில் அரைகுறையாகக் கற்றுக்கொள்ள இடமில்லை.

## சக்கரம் சுற்றவில்லை

பின் சக்கரம். ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருப்பார்கள், லைனிங் டிரம்மில் ஒட்டியிருக்கும். அட்ஜஸ்டரை முழுதாகத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளின் திருப்புமுனைகளில் துரு நீக்கும் ஆயில் விடுங்கள். என்ஜினால் இழுத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள், லைனிங் பிய்ந்து உள்ளே சிக்கிக்கொள்ளும்.

முன் சக்கரம், பிரேக்கை மிதித்த பிறகு விடவில்லை. காலிபரில் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) காற்றை வெளியேற்றும் ஏர் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே விட்டால் ஹோஸ்தான் பழுது. வெளியே நன்றாக இருக்கும், உள்ளே ஊதியிருக்கும். ஒருமுறை கழற்றிய ஹோஸை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தேன். குண்டூசி போகும் அளவுக்குத்தான் துவாரம். மிதிக்கும் அழுத்தம் அதன் வழியே போய்விடுகிறது, திரும்பி வர முடிவதில்லை. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் காலிபர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. சீலும் பிஸ்டனும் மாற்ற வேண்டும்.

கம்பி வீல் உள்ள வண்டி என்றால் கூடுதலாக ஒன்று: ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். டக் டக் என்றால் ஸ்ப்லைன் (வீலை ஹப்போடு பிடிக்கும் பற்கள்) தேய்ந்திருக்கிறது. பற்கள் கத்தி முனைபோலக் கூராகியிருந்தால் வீலும் ஹப்பும் சேர்த்து மாற்ற வேண்டும். இடது, வலது ஹப்களின் மரை எதிரெதிர். மாற்றி மாட்டிய ஹப்பில் நடு நட் ஓட ஓடக் கழன்றுவிடும்.

## இன்ஜின் சுற்றவே மறுக்கிறது

சாவியைத் திருப்பினால் ஒரு டக், அவ்வளவுதான். பேட்டரி நன்றாக இருந்தால் ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். திருப்பும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போச்சு. 1974 வரை வந்த வண்டிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். இரண்டையும் சேர்க்கும் கேபிளின் முனைகளில் பச்சை பூத்திருக்கும், சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டை. இது அறுந்திருந்தால் செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கேபிள், அக்சிலரேட்டர் கேபிள் என்று எது கிடைக்கிறதோ அதில் போகும். சாவியைத் திருப்பியதும் சோக் கேபிள் சூடாகிப் புகைந்தால் வேறு எங்கேயும் தேடாதீர்கள்.

கேபிள்கள் சரி என்றால் செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கலாம். நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடும்.

எதற்கும் அசையவில்லை. கிராங்க் புல்லி நட்டில் நீளப் பிடி போட்டும் நகரவில்லை. இது ஜாம். இங்கே பொறுமைதான் வேலை செய்யும், பலம் அல்ல. வண்டியை இழுத்து கிளட்சை விட்டுப் பார்ப்பவர்கள் ரிங்கை உடைத்துவிட்டு என்னிடம் வருவார்கள்.

நாலு பிளக்கையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், திறந்த இடத்தில் செய்யுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மேலும் ஊற்றுங்கள். எந்தச் சிலிண்டரில் மட்டம் இறங்குகிறது, எதில் அப்படியே நிற்கிறது என்று குறித்து வையுங்கள். நிற்கும் சிலிண்டர்தான் ஜாம். தினமும் ஒருமுறை நட்டில் பிடி போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் லேசாக அழுத்துங்கள். ஒரு நாள் மயிரிழை அசையும். அங்கே வேகத்தைக் கூட்டாதீர்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைவை வளர்த்துக்கொண்டு போங்கள்.

முழுச் சுற்று சுற்றுவதற்கு முன் ராக்கர் கவரைக் கழற்றிவிட்டு எட்டு வால்வையும் பாருங்கள். கீழே போன வால்வு மேலே திரும்பவில்லை என்றால் அது கைடில் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) ஒட்டியிருக்கிறது. அப்படியே சுற்றினால் புஷ் ராடு வளையும். அந்த வால்வின் தண்டில் ஆயில் விட்டு, பித்தளைத் தண்டை வைத்து மெல்லத் தட்டி விடுவியுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள். சிலிண்டர் சுவரில் துருக்குழி இருந்து, நகத்தால் வருடும்போது தடுக்கினால் வீட்டு வேலை அத்தோடு முடிந்தது. பிளாக் போரிங்குக்கு (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கும் வேலை) போக வேண்டும். அசல் அளவு 80.26 மி.மீ. முன்பே எவ்வளவு போரிங் ஆகியிருக்கிறது என்று அளந்த பிறகுதான் பிஸ்டன் வாங்க வேண்டும்.

## சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்டார்ட் செய்ய முயல்வதற்கு முன்னாலேயே ஒரு வேலை: புது 20டபிள்யூ-50 ஆயில், புது ஃபில்டர். பிளக்குகள் கழற்றியபடியே, ஆயில் பிரஷர் முள் எழும் வரை செல்ஃபில் சுற்றுங்கள். ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். முள் எழவே இல்லையென்றால் ஆயில் பம்பு காய்ந்திருக்கிறது, அல்லது பிரஷர் வால்வில் அழுக்கு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

முதலில் காதைக் கொடுங்கள். சாவியைப் போட்டதும் வண்டியின் பின்பக்கத்திலிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்பின் டிக் டிக் டிக் கேட்க வேண்டும். வேகமாகத் தொடங்கி, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிடும்.

*சத்தமே இல்லை:* பம்புக்கு வரும் வெள்ளை வயரில் 12 வோல்ட் வருகிறதா, கறுப்பு எர்த் வயர் சுத்தமா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் பம்பைச் செல்லமாக ஒரு தட்டு. உள்ளேயுள்ள பாயிண்ட் துருவினால் ஒட்டாமல் நின்றிருக்கும், தட்டினால் ஓடத் தொடங்கும். அது தற்காலிகம். பாயிண்டைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டும்.

*நிற்காமல் டிக் டிக் என்று ஓடுகிறது:* பெட்ரோல் வரவில்லை, காற்றை இழுக்கிறது. அல்லது ஃப்ளோட் ஊசி ஒட்டி, கார்புரேட்டர் வழிகிறது. உடனே சாவியை அணைத்து, வழியும் பைப்பைப் பாருங்கள். ஃப்ளோட் கிண்ணத்தைத் தட்டினால் ஊசி உட்காரும். உட்காராவிட்டால் மாற்றுங்கள்.

டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை எக்காரணத்தாலும் உபயோகிக்காதீர்கள். வார்னிஷ்போல ஒரு புளித்த நாற்றம் அடிக்கும். சுத்தமான கேனிலிருந்து தற்காலிக ஹோஸ் கொடுத்துச் சோதியுங்கள். டேங்கைப் பற்றி இன்னொன்று: எம்ஜிபி டேங்க் அடியிலிருந்து அல்ல, மேலிருந்து அழுகும். டிக்கித் தரைக்கும் டேங்குக்கும் நடுவில் ஈரம் தங்கித் தகட்டைத் தின்னும். கால் டேங்க் ஊற்றினால் ஒன்றும் தெரியாது. நிரப்பினால் மட்டும் நாற்றமும் சொட்டும் வரும். அப்படியென்றால் புது டேங்க்தான். பெட்ரோல் இருந்த டேங்கை வெல்டிங்குக்குக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தருவது) மூடியைத் திறங்கள். பாயிண்ட் முகத்தில் சாம்பல் படிந்திருக்கும். மெல்லிய அரத்தால் தேய்த்து, சுத்தமான காகிதத்தை நடுவில் வைத்து இழுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் இங்கேயே பொறி வந்துவிடும். வரவில்லையென்றால் கன்டென்சர், ரோட்டார், மூடி, கடைசியாகக் காயில், இந்த வரிசையில் மாற்றிப் பாருங்கள். பிளக் இடைவெளி 0.63 மி.மீ. ஒயர்களைக் கலைத்துவிட்டிருந்தால் வரிசை 1-3-4-2, ரோட்டார் கடிகார எதிர்த்திசையில் சுற்றும்.

பெட்ரோலும் பொறியும் உண்டு, உயிர் வரவில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு குறைந்தால் ஹெட் கேஸ்கெட். வால்வு இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் 0.38 மி.மீ. 8-ஆவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1-ஐப் பாருங்கள், 7 திறந்தால் 2. எப்போதும் கூட்டுத்தொகை 9.

## ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நின்றுவிடுகிறது அல்லது மிஸ்ஸிங் அடிக்கிறது

கார்புரேட்டர் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். டக் என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். இழுபட்டு இறங்கினால் மேல் கிண்ணத்தைக் கழற்றித் துடையுங்கள், உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். டாஷ்பாட்டில் (கார்புரேட்டரின் உச்சியிலுள்ள ஆயில் குழி) 20 கிரேடு ஆயில் விடுங்கள். அதன் பிறகும் ஐடிலிங் ஏறி இறங்கினால் த்ராட்டில் தண்டு தேய்ந்து காற்றை இழுக்கிறது. தண்டை அசைத்துப் பார்த்தாலே தெரியும். இதற்கு ஓவர்ஹால் தெரிந்தவரிடம் கார்புரேட்டர்களை மட்டும் கழற்றிக் கொடுத்தால் போதும், வண்டி போக வேண்டியதில்லை.

## புகையும் ஆயில் பிரஷரும்

சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரிந்து தீரும் வரை நீலப் புகை வரத்தான் செய்யும். அரை மணி நேரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலம் என்றால் வால்வு கைடு. ஏற்றத்தில் இழுக்கும்போது நீலம் என்றால் ரிங். இன்ஜின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளை நிற்காமல் வந்து, ஆயில் மூடியின் உள்ளே வெளிறிய பசை படிந்தால் கேஸ்கெட்.

ஆயில் பிரஷர், சூடான இன்ஜின் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலிங்கில் 10 முதல் 25. இதற்குக் கீழே போய், அடியிலிருந்து கனமான தட்டல் சத்தமும் வந்தால் அணைத்துவிடுங்கள். அது பேரிங். மெஷின் ஷாப்பைத்தான் பார்க்க வேண்டும். ஆயில் கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ்கள் பழசாக இருந்தால் ஓட்டுவதற்கு முன்பே மாற்றுங்கள். வெடித்தால் இன்ஜின் ஆயில் முழுவதும் ரோட்டில் கொட்டிவிடும்.

## கிளட்சை மிதித்தும் கியர் விழவில்லை

பெடல் கனமில்லாமல் போனால் ஹைட்ராலிக் பழுது. பெடல் கனமாக இருந்தும் கியர் கரகரத்தால், ஒருவர் மிதிக்க, கீழே ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) தண்டைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தும் விடவில்லை என்றால் பிளேட் ஃப்ளைவீலில் துருவோடு ஒட்டியிருக்கிறது. பெடலைக் கட்டையால் அழுத்தி இரவு முழுக்க விடுங்கள். காலையில் இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, திறந்த வெளியில், பிரேக் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கிளட்சை மிதித்தபடி டாப் கியரில் செல்ஃப் அடியுங்கள். ஓரிரு தடவையில் பட்டென்று விடும். விடாவிட்டால் இன்ஜினை இறக்கித்தான் பிளேட்டை மாற்ற முடியும். சங்கிலிக் கப்பியும் உதவிக்கு ஆளும் இல்லாதவர் அதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். இன்ஜின் இறங்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள்.

## ஸ்டியரிங் கனமாக இருக்கிறது

டயர் காற்று முதலில். பிறகு கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு). பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். காய்ந்த கிரீஸ் அடைத்திருந்தால் நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்து, வண்டியைத் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் புது கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடியுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

## விளக்குகள் மங்கல், சில வேலை செய்யவில்லை

புது வயரிங் வாங்க ஓடாதீர்கள். பத்தில் ஒன்பது எர்த் பழுதுதான். விளக்கின் எர்த் முனையிலிருந்து பேட்டரிக்கு நேராக ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள். பளிச்சென்றால் எர்த்தைச் சுரண்டி மாட்டுங்கள். பியூஸ் பெட்டியின் கிளிப்புகளைத் தேயுங்கள். வயர்களைச் சேர்க்கும் குழல் இணைப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். நிறங்கள் தெரிந்தால் தேடுவது எளிது: பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும், பியூஸ் கிடையாது. ஊதா பியூஸ் வழியாக எப்போதும். வெள்ளை சாவி போட்டால். பச்சை சாவியும் பியூஸும் சேர்ந்து. கறுப்பு எர்த். தொட்டால் மேல்தோல் நொறுங்கும் வயரிங் என்றால் மட்டும் முழுதாக மாற்றுங்கள்.

## முதல் ஓட்டம்

டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் பக்கவாட்டிலுள்ள தேதியைப் பாருங்கள். நாலு இலக்கத்தில் கடைசி இரண்டும் வருஷத்தைக் குறிக்கும். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், கழற்றிப் போடுங்கள்.

பிறகு ஐந்து கிலோமீட்டர், ஆளில்லாத சாலையில். திரும்பி வந்து நிறுத்தியதும் நாலு ஹப்பின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். மூன்று இதமாகவும் ஒன்று மட்டும் அனலாகவும் இருந்தால் அந்தப் பிரேக் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆறிய பிறகு மேலே சொன்ன நிப்பிள் சோதனையை அந்தச் சக்கரத்தில் செய்யுங்கள்.